துணைக்கு வந்தவள்

என் ஓரகத்திக்கு லேப் சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டதென்று மாமியார் போனில் மூன்றாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை நான்கு தடவை மடித்திருக்கிறேன்.

அவளும் நானும் ஒரே வீட்டு மருமகள்கள். படித்ததும் ஒரே படிப்பு. ரத்தப் பரிசோதனைதான் இருவருக்கும் தொழில். எனக்குப் பதினோரு வருட அனுபவம், அவளுக்கு மூன்று. கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன். அவள் இன்னும் பெரியவர்களின் கையையே தட்டித் தட்டித் தேடுகிற ரகம். ஆனாலும் நான் வேலை பார்த்த லேபைத்தான் இழுத்து மூடினார்கள். அவள் வேலை பார்க்கிற கிளினிக் நன்றாக ஓடுகிறது. இதில் சூப்பர்வைசர் வேறு. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல வார்த்தை தேட எனக்கு விருப்பமில்லை.

"அக்கா, நீங்களும் படிச்சுப் பாருங்க" என்று வேலைக்கான கடிதத்தை நீட்டினாள்.

தலைப்பைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. செருப்புக்கடை மாடியில் இருக்கும் அதே வேலைவாய்ப்பு ஏஜென்சி. பெரிய ஆஸ்பத்திரி என்று போட்டிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று எங்கேயும் இல்லை. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சனிக்கிழமை சரிபார்ப்புக்கு ஒப்படைக்க வேண்டுமாம்.

என் ஒரிஜினல்கள் நான்கு மாதமாக அங்கேதான் கிடக்கின்றன. எப்போது போய்க் கேட்டாலும் அங்கிருக்கும் ஆசாமி, "வெரிஃபிகேஷன் போயிட்டிருக்கும்மா, நம்பிக்கை வைங்க" என்பார். நம்பிக்கை சார் என்று அவருக்கு நானே பெயர் வைத்திருந்தேன். இதற்கிடையே நல்ல லேப் ஒன்றில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரிஜினலைக் காட்ட முடியவில்லை. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் அந்த லேப் எனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருட அனுபவக்காரி செருப்புக்கடை மாடியில் ஏமாந்து நிற்கிறாள் என்று யாரிடம் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என்னிடம் நம்பிக்கை சார் சொன்னது வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. இவளுக்குச் சூப்பர்வைசர். ஏமாற்றுவதற்குக்கூட அவளுக்கு உசத்தி, எனக்கு மட்டமா?

சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஒரிஜினலை மட்டும் குடுத்துடாதே. அந்த இடம் சரியில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமியார்.

"கேள்விப்பட்டேன்."

ஓரகத்தி தட்டைப் பார்த்தாள். கொழுந்தன் தண்ணீர் குடித்தான். அறைக்குள் போனதும் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, "அவ முன்னேறினா உனக்கு ஏன் பொறுக்கல?" என்றார். பொறுக்கவில்லைதான். ஏஜென்சி மோசடி என்பதும் உண்மை, என் வயிற்றெரிச்சலும் உண்மை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றுதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

சனிக்கிழமை காலை அவள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பினாள். வேலையை விடுகிற கடிதத்தையும் டைப் அடித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை கிளினிக்கில் கொடுக்கப் போகிறாளாம். மாமியார் என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போயேன்மா. அப்படியே உனக்கும் ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டு வா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

மாடிப்படி ஏறும்போது நினைத்தேன்: கொடுக்கட்டுமே. நான் நான்கு மாதம் படுகிற பாட்டை இவளும் படட்டும். வேலையும் போகட்டும், சான்றிதழும் போகட்டும், இரண்டு பேரும் சமமாகிவிடுவோம். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

சுவரோரம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஃபைல் மடியில், சிலர் ஃபைல் மேஜைமேல். நம்பிக்கை சார் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க மேடம், வாங்க!" என்னை நான்கு மாதமும் அம்மா என்றுதான் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்க? துணைக்கு வந்தவங்களா?" என்றார்.

மாதத்துக்கு நான்கு முறை படியேறி வந்த என் முகம்கூட அந்த ஆளுக்கு நினைவில்லை.

அவர் இரும்பு அலமாரியைத் திறந்தார். மூன்றாவது தட்டில் என் பச்சை ஃபைல் இருந்தது. அதன் முதுகில் என் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஓரகத்தி தன் ஃபைலை நீட்டினாள். அவர் கை அதைத் தொடப் போனது.

"அந்தப் பச்சை ஃபைல் என்னோடது" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கிட்டத்தட்ட அழுகிற குரல். "நாலு மாசமா உள்ள இருக்கு. துணைக்கு வந்தவ இல்ல நான்."

ஓரகத்தி அந்தப் பட்டாம்பூச்சியைப் பார்த்தாள். அதே ஸ்டிக்கர்தான் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முழுக்க ஒட்டியிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீட்டிய ஃபைலை இழுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

"அக்கா ஃபைலை எடுங்க சார்."

"மேடம், அது வெரிஃபிகேஷன்ல..."

"நாலு மாசமா அப்படி என்ன சரிபார்த்தீங்க? எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்க? பேரைச் சொல்லுங்க, இப்பவே போன் பண்ணிக் கேக்கறேன்."

வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடத் தயங்கித் தயங்கிக் கேட்கிறவள் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டாள். நம்பிக்கை சார் முகத்தில் ஈயாடவில்லை. சுவரோரம் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து மேஜைமேல் வைத்திருந்த தன் ஃபைலை எடுத்துக்கொண்டார். அடுத்து இன்னொருவர். அதற்குமேல் அந்த ஆளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பச்சை ஃபைல் என் கைக்கு வந்தது.

நான்கு மாதமாக என்னால் முடியாததை அவள் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

கீழே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பொறாமையில சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன் அக்கா. மன்னிச்சிடுங்க."

"பொறாமையிலதான் சொன்னேன்" என்றேன். "படியேறும்போது நீ ஏமாந்து போகட்டும்னுகூட நெனச்சேன்."

அவள் பிடித்த கையை விடவில்லை. "கடைசியில சொல்லிட்டீங்கல்ல" என்றாள்.

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். "என்னாச்சு?"

அதற்குள் ஓரகத்தி என் பச்சை ஃபைலை வாங்கித் தன் கைப்பைக்குள் திணித்து மறைத்திருந்தாள். "அது ஃபிராடு கம்பெனி அத்தை. அக்கா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அவங்க மட்டும் கூட வரலைன்னா என் வேலையே போயிருக்கும்" என்றாள். என் ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமியார் என் கன்னத்தைத் தொட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். நானோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பச்சை ஃபைலைத்தான் முதலில் எடுத்து எல்லோருக்கும் காட்டியிருப்பேன். இந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.