உப்புப் போட்டுத்தானே திங்கிறீங்க?

என் வீட்டுக்காரர் வீரய்யாவின் வாயில் ஒரே ஓர் ஆயுதம்தான் இருந்தது. யாராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையா, கூட்டத்துக்கு வராமல் டிமிக்கி கொடுத்தார்களா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே போய், “நீங்கெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறீங்க?” என்று கேட்டுவிடுவார். கேட்கப்பட்டவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வரும், வேலையும் நடக்கும். ஹாலிஎலவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர்தான் தொழிற்சங்கத் தலைவர். பதவியே இந்தக் கேள்வியில்தான் ஓடியது என்று நான் சொல்வேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்துத்தான் பதுளையில் டொக்டர் இரகுநாதன், “ஐயா, இனி உப்புப் பக்கம் போகக்கூடாது” என்றார்.

அது இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு. பிரஷர் இருந்தது தெரியாமலே இருந்து, கிட்னியைக் கெடுத்துவிட்டதாம். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவசரப்படாமல், என் முகத்தைப் பார்த்தே பேசினார். சமைக்கிறவள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“கருவாடு, ஊறுகாய், மாசித்தூள் வேண்டாம். இவரின்ர ரத்தத்தில பொட்டாசியமும் கூடிக் கிடக்கு. அதால வாழைப்பழம், தோடம்பழம், இளநீரும் இப்ப சரிவராது. மரக்கறியை வெட்டி, நிறையத் தண்ணியில அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சமையுங்கோ. சாப்பாட்டைக் கவனிச்சா, மிச்சம் இருக்கிறதை வச்சுக் கனகாலம் ஓட்டலாம். கவனிக்காட்டி கண்டிக்கு அனுப்பி மெசினிலதான் போடவேணும்.”

மெசின் என்றால் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வாராவாரம் கண்டி. எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து கீழே ரோட்டுக்கு வருவதே ஒரு பயணம். வேலை போகும், பதவி போகும், அப்புறம் மனுஷனே எத்தனை நாளைக்கு இருப்பார்? எனக்கு இந்தக் கவலை. அவருக்கோ வேறு கவலை.

“இத வெளிய மூச்சு விட்றாத, ஜெயா” என்றார் பஸ்ஸில்.

“ஏங்க, நம்ம என்னா களவா எடுத்தோம்?”

“உப்பில்லாமத் திங்கிறவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அடுத்தவன்கிட்ட அந்தக் கேள்வியக் கேப்பான்? வாயத் தொறந்தாலே சிரிப்பானுங்க.”

கிட்னி போவது பெரிதில்லை, கேள்வி போவதுதான் பெரிது! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பாமல் இருந்திருந்தால் பஸ்ஸிலேயே சத்தம் போட்டிருப்பேன்.

வீட்டில் புதுச் சமையல் தொடங்கியது. வெலிமடை உருளைக்கிழங்கைப் பொடியாக வெட்டி, ஊறப்போட்டு, அவித்து, தண்ணீரைக் கொட்டும்போது ருசியெல்லாம் சாக்கடைக் கானில் போகிற மாதிரி எனக்கே மனசு கேட்காது. பூண்டும் மிளகும் இடித்துப் போட்டேன். கருவேப்பிலையைத் தாளித்துக் கொட்டினேன். இறக்கும்போது எலுமிச்சம்புளி ரெண்டு சொட்டு. ரொட்டிக்கு உப்பில்லாமல் மாப் பிசைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் வாரம் வாயில் வைக்க முடியவில்லை. அவருக்குத் துணையாக நானும் அதையே சாப்பிட்டேன். அவர் ஒரு வாய் வைப்பார், கூரையைப் பார்ப்பார், விழுங்குவார். இவ்வளவு அடங்கிச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ரகசியம் என்பதால் வெளியே ‘காய்ச்சல்’ என்று சொல்லி வைத்திருந்தோம். தலைவருக்குக் காய்ச்சல் என்றால் தோட்டம் சும்மா இருக்குமா? பக்கத்துக் காம்பிரா வீட்டுக் கருப்பம்மா செவ்விளநீரோடு வந்தாள். மேட்டு லயத்திலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. இன்னொருவர் தோடம்பழம் கொண்டுவந்து, ஒன்றை உரித்து அவர் கையிலேயே கொடுத்தார். டொக்டர் வேண்டாமென்று சொன்னதெல்லாம் வரிசை பிசகாமல் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தது. நான் பல்லைக் காட்டி வாங்கி, அவர் கண்ணுக்கு எட்டாமல் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டேன். பிள்ளைகள் அப்பாவுக்கு அடிக்கடி காய்ச்சல் வர வேண்டுமென்று ஆசைப்பட்டன.

இத்தனைக்குப் பிறகும் அவருடைய கால் வீங்கியது. வாரைத் தளர்த்தியும் செருப்பு ஏறவில்லை. அடுத்த கிளினிக்கில் டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

“உப்பு எங்கயோ இருந்து உள்ளுக்கு வருது. அடுத்தமுறையும் இப்பிடி எண்டா கண்டிக்குத்தான் எழுதுவன்” என்றார்.

என் சமையலில் உப்பில்லை. அப்படியானால் எங்கிருந்து? அன்றைக்குச் சாயந்தரமே கீழே வாஹித் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். அவர் ஒன்றும் மறைக்கவில்லை, பாவம், அவருக்கு என்ன தெரியும்?

“தலைவருக்கு இப்ப நல்ல பசி தங்கச்சி. வேலை முடிஞ்சு வந்தா கருவாட்டுப் பொரியலும் மாசிச் சம்பலும் இல்லாம எழும்ப மாட்டாரு.”

வீட்டுக்கு எப்படி வந்தேனோ தெரியாது. அவர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் காலை மடக்கினார்.

“மடக்காதீங்க, நீட்டுங்க. ஒங்க ரோசத்தப் பாக்கணும்” என்றேன். “ரோசம் வேணும்னு உப்பத் தின்னீங்களே, அது எங்க போய் நிக்கிது பாருங்க. காலுல! ஊருக்கெல்லாம் கேக்குறீங்க. நான் ஒரு மாசமா மண்ணத் திங்கிற மாதிரி ஒங்களோட தின்னேனே, அதுக்கு ஒங்களுக்கு ரோசம் வந்திச்சா?”

அதற்குமேல் எனக்கு அழுகைதான் வந்தது. அவர் அன்றைக்குச் சோற்றைக் கூரையைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை பெரட்டு. பெயர் கொடுத்து வேலை பிரித்து வாங்கும் இடத்துக்கு நாங்கள் பொம்பளைகள் பாதிப்பேர் பிந்தித்தான் போனோம். மேட்டு லயத்துப் பைப் உடைந்து, எல்லோரும் கீழே ஊற்றுப் பீலியில் வரிசை நின்றுதான் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. தோட்டத்து ஆபீசில் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. வேலை பிரித்துக் கொடுக்கிற புதுக் கணக்கப்பிள்ளை சின்னராசாவோ எங்களைக் கண்டதும் கத்தினார்.

“நேரம் என்னா இப்ப? நீங்கெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறீங்களா?”

அது எங்கள் தலைவரின் கேள்வி! அதை எடுத்து எங்கள் மேலேயே வீசிவிட்டார் இந்த ஆள். அத்தனை தலையும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

அவர் வீங்கின காலோடு மெதுவாக முன்னால் போனார். என்னை ஒரு தரம் பார்த்தார்.

“நான் உப்புப் போட்டுத் திங்கிறதில்லீங்க” என்றார்.

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

“கிட்னியில வருத்தம். டொக்டர் உப்பு கூடாதுன்னுட்டாரு. என் சோத்துல ஒரு கல்லு உப்புக் கெடையாது.” குரலை உயர்த்தினார். “உப்பில்லாமத் திங்கிற எனக்கே இந்தப் பொம்பளைங்க தண்ணிக்கு நிக்கிறதப் பாத்தா இம்புட்டு ரோசம் வருதே, உப்புப் போட்டுத் திங்கிற ஒங்களுக்கு வரலீங்களா?”

சிரிப்பு வெடித்தது. விசிலும் பறந்தது. சின்னராசா முகம் சிவந்தார், பிறகு பாவம், அவரும் சிரித்துவிட்டார். அந்த வாரமே பைப் சரியானது.

‘என் சோத்துல ஒரு கல்லு உப்புக் கெடையாது’ என்றாரே, அந்த விரதத்துக்கு வயசு ஒரு ராத்திரிதான் என்று அந்தப் பெரட்டுக் களத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ஊரறியச் சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் அவர் இல்லை.

விழுங்க நினைத்தாலும் தோட்டம் விடாது. வாஹித் நானா கருவாட்டுத் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, சீனி போட்ட ஒரு சின்னக் கிளாஸ் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார். கருப்பம்மா இளநீருக்குப் பதிலாகப் பீர்க்கங்காயை அவித்து, தண்ணீரைக் கொட்டி, உப்பில்லாமல் சமைத்துக் கொண்டுவந்தாள். ருசி எப்படியென்று கேட்டாள். அவர் ரொம்ப நல்லாயிருக்கு என்றார். அதில் பாதி பொய், மீதி அன்பு.

அடுத்த கிளினிக்குக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போனார். டொக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “கண்டி இப்ப தேவையில்லை. இப்பிடியே போங்கோ” என்றார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, கும்பிட்டும்விட்டேன்.

வெளியே வாங்குப் பலகையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். காலிரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன. என் வீட்டுக்காரர் அவர் எதிரில் நின்று காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பழைய மாதிரியே கணீரென்று கேட்டார்.

“ஐயா, சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறீங்க?”

அந்த மனுஷன் கொதித்து எழுந்தார். “யாரப் பாத்து என்னா கேள்வி கேக்குற? போட்டுத்தான்யா திங்கிறேன்! இப்ப என்னாங்கிற?”

“போடாதீங்க” என்றார் இவர், அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. “ஜெயா, அந்தக் கெழங்கு அவிக்கிறத இவருக்குச் சொல்லு.”