இரண்டு புட்டித் தண்ணீர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2003இல், எண்ணூரில் வரவிருந்த ஓர் ஆலைக்கான சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையைத் தமிழில் சுருக்கிக் கொடுத்தவன் நான். ‘கழிமுகத்து நீரின் தரம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது’ என்ற வாக்கியம் என்னுடையது. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை, ஆகவே கதை.

2

முதல் தொடக்கம்: ‘ஆற்றின் மீது இளங்காலைச் சூரியன் தன் பொற்…’

(வேண்டாம். அவள் போனது பதினொரு மணிக்கு.)

அவள் செங்கொடி, வியாசர்பாடி. அந்த அறிக்கைக்காகத் துரை என்பவரின் ஆய்வு நிறுவனத்தில் தண்ணீர் மாதிரி எடுப்பவள். எம்.எஸ்ஸி. முடித்தும், மூன்று வருட அனுபவச் சான்றிதழ் இருந்தால்தான் தகுதித் தேர்வு எழுதி, அறிக்கையில் தானே கையெழுத்திடும் ஆய்வாளராக முடியும். சான்றிதழைத் துரைதான் தர வேண்டும். மூன்று வருடம் முடிய இன்னும் பத்தே நாள்.

3

கழிமுகத்தோர நெட்டுக்குப்பத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பூவம்மா கேட்டாள்:

“இன்னாம்மா, எப்பப் பாரு தண்ணி ஏறுறப்பவே வந்து ரொப்பிகினு போற? அது கடல் தண்ணி. எறங்குனப்புறம் வந்து பாரு, இப்ப இருக்குற ஆலைக்காரனுங்க இன்னா வுடுறானுங்கன்னு தெரியும். எறாலே இல்ல, காலெல்லாம் புண்ணு.”

செங்கொடிக்குச் சுருக்கென்றது. நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பவர் துரை. ஜீப் கிடைக்கும் நேரம் என்றே நம்பியிருந்தாள்.

(எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு ஏற்றமும் இறக்கமும் தெரியாதா? இங்கேதான் அவள்மேல் எனக்குச் சந்தேகம். தெரிந்திருக்கும், கேட்காமல் இருந்திருப்பாள். நானும்தான் கேட்கவில்லை.)

அன்று ஏற்றத்தில் ஒரு புட்டி நிரப்பியிருந்தவள், தண்ணீர் இறங்கும்வரை காத்திருந்து இரண்டாவது புட்டியை நிரப்பினாள். செல்போனில் விஷயத்தைச் சொன்னதும் துரை சொன்னார்: “புதுசா ஒண்ணும் பண்ணாதேம்மா. உன் சர்டிபிகேட் டைப் ஆயிட்டிருக்கு.”

4

முதல் முடிவில் இரண்டாவது புட்டியை ஆய்வகத்தில் கொடுக்க வைத்தேன். காகிதத்திலிருந்து செங்கொடி முறைத்தாள்.

“சொல்றதுக்கு உனக்கு இன்னா நைனா, போவப்போறது என் சர்டிபிகேட்டு. எங்க தெருவுல கையெழுத்துப் போடப்போற மொத ஆளு நான்.”

அடித்துவிட்டு, முதல் புட்டியைக் கொடுக்க வைத்தேன். பூவம்மா மறுபடி தண்ணீரில் இறங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் அடித்தேன்.

என் வாக்கியத்தைப் படித்த உங்களுக்கு, நிஜத்தில் எந்தப் புட்டி போயிருக்கும் என்று தெரியும். ஆனால் இது கதை. இங்கே மணி நாலுதான். ஆய்வகம் ஐந்துக்கு மூடும். இரண்டும் ஐஸ் பெட்டியில் இருக்கின்றன. எதைக் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.

ஒரே நிபந்தனை. பூவம்மாவும் செங்கொடியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவர் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.