சீல் வைத்த டப்பா

அண்ணனுக்குக் கையெழுத்து என்றால் கிட்டத்தட்ட உயிர். வேலை லிப்ட் ஆய்வாளர். லிப்டுக்குள் ஒட்டியிருக்கும் சான்றிதழின் அடியில் கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து இருக்கிறதே, அதில் பாதி அவனுடையதாகத்தான் இருக்கும். தானே இழுத்துப் பார்க்காத கம்பிக்கும் தானே அழுத்திப் பார்க்காத பொத்தானுக்கும் அவன் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. கல்யாணப் பதிவேட்டைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டானாம். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவனிடம்தான் அவன் தங்கை ஒரு கையெழுத்துக் கேட்டு மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. பதினோரு வயதிலிருந்து டைப் ஒன் சர்க்கரை. நாளைக்கு நாலு தடவை இன்சுலின், கையில் எந்நேரமும் சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சென்சார். இத்தனையும் சுமந்துகொண்டு பேசாமல் வீட்டில் இருப்பாளா என்றால், அதுதான் இல்லை. ஏரியைக் குறுக்கே நீந்தினாள். சைக்கிளில் மூன்று நாள் போய்விட்டு வந்தாள். இப்போது கயிறு கட்டிப் பாறையில் ஏறுகிறாள்.

மலையேற்றக் குழு நாலு நாள் பயணம் கிளம்புகிறது. கடைசி நாள் உச்சிப் பாறை. மூன்று வருஷமாக அவள் காத்திருந்த பாறை அது. குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: சர்க்கரை இறங்கினால் என்ன செய்வதென்று தெரிந்த ஒருவர் கூடவே வர வேண்டும், ‘எனக்குத் தெரியும்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருவதாக இருந்த தோழி கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். படிவம் கொடுக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். மிச்சம் இருந்தது அண்ணன்தான்.

“பாக்காம போட மாட்டேன்,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துக் குன்றில் சோதனை என்று ஏற்பாடாயிற்று. சோதனை என்றால் முழுச் சோதனை, உன்னிடம் இருக்கிற குளுக்கோஸ் மாத்திரை, ஜூஸ் எல்லாவற்றையும் என்னிடம் கொடு என்றான். அவளும் சமர்த்தாகக் கொடுத்தாள். முதல் நாளே அவன் அவற்றை மேஜையில் பரப்பி, தேதி பார்த்து, எண்ணி, ஒரு இரும்பு டப்பாவில் அடுக்கினான். டப்பாவை எடுத்துக்கொண்டாயா என்று கிளம்பும்போது கேட்டாள். பக்கா என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

குன்றில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு, எவ்வளவு என்று நச்சரித்தான். நூற்று முப்பது என்றாள் ஒருமுறை. நூற்று இருபத்தைந்து என்றாள் மறுமுறை. மூன்றாம் முறை, ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவனைப் பார்த்து, அவனுக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டாள். பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை.

செங்குத்தான இடம் வந்தபோது போன் அலறியது. அறுபத்திரண்டு, அம்புக்குறி கீழே. விரல்கள் நடுங்கின, பிடரியில் சில்லென்று வியர்த்தது. இது அவளுக்குப் புதிதில்லை. ஓரமாக உட்கார்ந்தாள்.

“அண்ணா, இறங்குது. மாத்திரை குடு.”

அவன் டப்பாவை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். டப்பாவைச் சுற்றி முறுக்குக் கம்பி, கம்பி முனையில் ஈய சீல். லிப்டின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதித்து முடித்தால் வேறு யாரும் கை வைக்காமலிருக்க சீல் அடிப்பது வழக்கம். பத்து வருஷப் பழக்கம், கை தானாக அடித்துவிட்டது. அறுக்கிற குறடு வீட்டு மேஜையில் பத்திரமாக இருந்தது.

கம்பியை இழுத்தான். முறுக்கினான். கடைசியில் பல்லால் கடித்தான். ஒரு கல்லை எடுத்து டப்பாவை நாலு போடு போட்டான். டப்பா நசுங்கியதே தவிர திறக்கவில்லை. அண்ணன் வாங்கும் பொருள் எதுவும் மட்டமாக இருக்காது.

“விடுண்ணா, பல்லு போயிடப் போகுது.”

வாய் நிறைய மாத்திரையோடு சொன்னாள். தொப்பியின் மடிப்பில் எப்போதும் நாலு மாத்திரை வைத்திருப்பாள், அதை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டாள். கால் மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு. ரெண்டு பிஸ்கட்டையும் தின்றுவிட்டு, சோதனை முடிந்ததா என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றான்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று சண்டைக்குப் போனாள்.

“நீ ஒண்ணும் பண்ணல. உனக்கு நூத்துக்கு நூறு. ஆனா ஃபார்ம்ல கூட வர்றவனைப் பத்திதானே கேட்டிருக்கான்? கூட வந்தவன் தேறல.”

போயிற்று. மூன்று வருஷக் கனவை இந்த மனுஷனின் நாணயம் ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டது. இவனை இந்தக் குன்றிலிருந்து தள்ளிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவன் நசுங்கிய டப்பாவைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்.

“உனக்குப் பன்னெண்டு வயசுல, சர்க்கரை இறங்கி கூடத்துல மயங்கிக் கெடந்த. பாத்திரம் கழுவாம இருக்க நீ நடிக்கறேன்னு நெனச்சு உன் மூஞ்சில மீசை வரைஞ்சேன். அன்னைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேன். இன்னைக்கும் பக்கத்துலதான் இருந்தேன்.”

மீசை விஷயம் வீட்டில் பழைய வேடிக்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அதை இவன் இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

“லிப்ட் ஒரு தடவை நின்னுட்டா கட்டடத்தையே இடிச்சிடுவியா?”

“சேச்சே. கோளாறு என்னன்னு பாத்து, சரி பண்ணி, மறுபடி சோதிக்கணும்.”

“இங்க கோளாறு என்ன?”

டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். “சீல்,” என்றான்.

இடுப்புப் பையில் இன்சுலின் பேனாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரைக் குழாயை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள். இன்னொன்றையும் ஒளித்து வைத்திருந்தாயா என்று முறைத்தான். மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, அது எங்கே என்று சொல்ல மாட்டேன் என்றாள்.

இறங்கும் வழியெல்லாம் மறுசோதனை நடந்தது. அவள் சொல்லாமல் கொள்ளாமல் “இப்போ!” என்பாள், அவன் மாத்திரையை நீட்ட வேண்டும். முதல் தடவை பதினாலு விநாடி, மாத்திரை மண்ணில் விழுந்தது. ஐந்தாவது தடவை நாலு விநாடி. நீட்டிய மாத்திரை அவளுக்குத் தேவையில்லாததால், வீணாக்கக் கூடாதென்று அவனே தின்றான். அடிவாரம் வருவதற்குள் ஆறு தின்றிருந்தான், சுறுசுறுப்பாகத்தான் இருந்தான்.

பஸ் நிறுத்தத்தில் படிவத்தை வாங்கி இரண்டு தடவை படித்தான். பிறகு போட்டான், அதே கோழி கிளறின கையெழுத்தை.

பஸ் கிளம்பியதுமே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். கையெழுத்துப் போட்ட பேனா அவள் கையில்தான் இருந்தது. பதினேழு வருஷப் பாக்கியை விடுவாளா? மெதுவாக இடது பக்க மீசையை வரைந்தாள். அழகாக வந்தது. வலது பக்கத்துக்குப் போகும் முன் ஏனோ தோன்றி, அவன் காதருகே குனிந்து, பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில், “இப்போ,” என்றாள்.

கண் திறக்கவில்லை. குறட்டையும் நிற்கவில்லை. கை மட்டும் சட்டைப் பைக்குள் போய், ஒரு மாத்திரையோடு வெளியே வந்து அவள் பக்கம் நீண்டது.

போன் நூற்றுப் பதினெட்டு காட்டியது. தேவையே இல்லை. ஆனாலும் வாலு அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீசையின் மறுபாதியை வரைந்து முடித்தாள்.