ஆறடி தள்ளி

"பின்னாடி மேகம் போடச் சொல்லும்மா, சுத்தி தங்க பார்டர்," என்று சித்தப்பா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி சொன்னார். அவள் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு உயிர் போனது. சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதாக முடிவு. அதற்குள் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்து ஒட்டியாக வேண்டும். ஒரே மகள் என்பதால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

நோட்டீஸுக்கு வேறு ஆள் தேடவில்லை. அப்பாவின் பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்த அதே டிசைனர்தான். முப்பது வயதுக்காரன், அவளை அக்கா என்பான். செய்தியைச் சொன்னதும், என்ன போட வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

சொல்வதற்கா ஆள் இல்லை? சித்தப்பா தன் போனிலிருந்து தனியாக மேகம் கேட்டார். அப்பா சிரிக்கிற ஒரே படம் இதுதான் என்று அத்தை ஒரு கல்யாண வீட்டுப் படத்தை அனுப்பினாள். அதில் அப்பாவின் தோளில் ஒரு கை இருந்தது. கைக்குச் சொந்தக்காரர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தூரத்துச் சொந்தமெல்லாம் தங்கள் பெயர் விட்டுப்போகக் கூடாது என்றது. ஒன்பதரைக்குள் நாலு மாதிரி வந்துவிட்டது. நாலாவதில் மேகம் இருந்தது, தங்கக் கரை இருந்தது, அந்தக் கையும் இருந்தது, வருந்துவோர் பதினோரு பேர் இருந்தார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை மட்டும் காணோம். நெருக்கியடித்ததில் எங்கேயோ விழுந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, எல்லோருக்கும் பரம திருப்தி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்னால் இருந்த பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மெழுகு உருக்கும் அடுப்பு, கறை ஏறிய மேஜை, சுவரோரம் ஓர் அலமாரி. அப்பா இருபத்தெட்டு வருடமாக இங்கே ஷூ பாலிஷ் காய்ச்சி, டப்பாவில் ஊற்றி, தெருத்தெருவாகப் போய்ச் செருப்புத் தைக்கிறவர்களுக்குக் கொடுத்தவர். மீதி டப்பா கடைகளுக்குப் போகும். அவர் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் அசைந்ததில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ்கூடத் தேய்த்துப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

ஆறு மாதம் முன்பு திடீரென்று லேபிளை மாற்ற வேண்டும் என்று இந்த டிசைனரைப் பிடித்தார். முதல் ஏழு மாதிரியும் சண்டைதான். சிவப்பாக்கு என்பார். ஆக்கினால், இவ்வளவு சிவப்பா என்பார். பெரிசாக்கு, கொஞ்சம் தள்ளு, பளிச்சென்று இல்லை. அந்தக் கூத்தை அவள் கேலி செய்திருக்கிறாள். எட்டாவதை வரைவதற்கு முன்னால் டிசைனரே நேரில் வந்து ஒரு நாள் முழுக்க இந்த மேஜையருகே உட்கார்ந்தான். கிளம்பும்போது சொன்னான்:

"என்ன செய்யணும்னு சொல்லாதீங்க சார். எங்க உதைக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

அப்பா முறைத்தார். ஆனால் மறுநாள் அலமாரியில் டப்பாவை வைத்து, ஆறடி அளந்து, தரையில் பாலிஷாலேயே ஒரு கோடு கிழித்தார். கடையில் வாங்க வருகிறவன் நிற்கிற தூரம் அதுதானாம். அதன்பிறகு எதைச் சொன்னாலும் அந்தக் கோட்டில் நின்றுதான் சொன்னார். இங்கிருந்து பார்த்தால் பேர் தெரியவில்லை, படம்தான் தெரிகிறது என்பார், அவ்வளவுதான். டிசைனரும் அவர் பாஷையைப் படித்துக்கொண்டான். 'கொஞ்சம்' என்றால் இரண்டு மில்லிமீட்டர். 'பார்க்கலாம்' என்றால் பிடிக்கவில்லை. 'ம்' என்றால் முடிந்தது, இனி தொடாதே. பதின்மூன்று மாதிரியில் அந்த 'ம்' ஒரே ஒருமுறைதான் கிடைத்தது, அதுவும் எழுத்துக்கு மட்டும்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில், பதினாலு வந்துவிட்டதா என்று அவளைக் கேட்டார். வரவில்லை. அவர் தூங்கட்டுமே என்று, வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்றாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "எங்கேருந்து பார்த்தே?" என்றார். அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது நாலாவது மாதிரி தெரியும்படி போனை அலமாரியில் சாத்திவைத்து, ஸ்பீக்கரில் அவனைக் கூப்பிட்டுவிட்டு, கோட்டில் வந்து நின்றாள்.

"நாலாவதை அடிச்சுடாதப்பா."

"அடிக்கல. ஒருத்தர் பேசுனா போதும்கா. உங்களுக்கு எங்க உதைக்குது?"

"இங்கேருந்து பார்த்தா யாரு போயிட்டாங்கன்னே தெரியல. மேகம்தான் தெரியுது."

"யாரு பார்க்கணும்?"

"செருப்புத் தைக்கிறவங்க. வேலை செஞ்சுக்கிட்டே நிமிர்ந்து பார்ப்பாங்க. நாலு மணிக்குள்ள வந்துடணும்." சொல்லும்போதுதான் உண்மையில் உதைக்கிற இடம் அவளுக்குப் பிடிபட்டது. "அவங்க யாருக்கும் அப்பா பேரே தெரியாதுப்பா. டப்பாக்காரர்னாதான் தெரியும்."

அவர்கள் வராமல் அப்பா கிளம்பிவிடக் கூடாது.

அரை மணியில் ஐந்தாவது வந்தது. வெள்ளைத் தாள். மேலே தடித்த எழுத்தில் டப்பாக்காரர். அப்பா 'ம்' சொன்ன அதே எழுத்து. கீழே சின்னதாக முழுப்பெயர். படத்தில் அப்பா கையிலிருக்கும் டப்பாவை முறைத்துக்கொண்டிருந்தார், பட்டறைக்கு வந்த அன்றைக்கு அளவு பார்க்க டிசைனர் எடுத்தது. அடியில் இன்று மாலை நாலு மணி என்று பெரிதாக இருந்தது.

சித்தப்பா குதித்தார். பட்டப்பெயரைப் போட்டால் நாலு பேர் சிரிப்பார்களே, மனிதர் இருபத்தெட்டு வருடம் கௌரவமாகத் தொழில் செய்தவர் ஆயிற்றே என்றார். தான் அனுப்பிய கல்யாண வீட்டுப் படமே போதுமென்று அத்தையும் சேர்ந்துகொண்டாள். காலையிலிருந்து அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அந்தப் பேர் சொன்னாத்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்."

அவள் ஐந்தாவதையே அடிக்கச் சொன்னாள்.

பதினொன்றரைக்கு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ஒரு மணிவரை சொந்தக்காரர்கள்தான் வந்தார்கள். அவள் நாலைந்து தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டரைக்கு ஒருவர் துணியில் கையைத் துடைத்தபடி வந்து, டப்பாக்காரர் வீடு இதுதானா என்றார். அப்புறம் இருவர், ஐவர். மூன்றரைக்கு முன்னறையில் இடமில்லை. எல்லோர் நகக்கண்ணிலும் அதே கறுப்பு. வாசலில் குவிந்த செருப்புகளில் ஒன்றிலும் பாலிஷ் இல்லை. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சித்தப்பா தானாகவே எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டிசைனர் கடைசியாக வந்தான். அப்பாவைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தான். "பதினாலு. நேத்து சாயங்காலம்தான்கா முடிஞ்சுது. டப்பாவுலயே ஒட்டிக் காட்டலாம்னு இருந்தேன்."

அவள் அதை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அலமாரியில் வைத்து, கோட்டுக்கு வந்து திரும்பி நின்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பேர் தெரிந்தது.

முன்னறையிலிருந்து, நேரமாகிவிட்டது, வா என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"ம்," என்றாள். பிறகு கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போனாள்.