அறுபத்திரண்டு பேர் ஆஜர்

1

இந்தக் கதை ஒரு நண்டுக் காலில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி டல்சியின் சித்தப்பா ஏனோசா தமு, ஆஸ்திரேலியாவில், டவுன்ஸ்வில்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து நண்டுக் காலைப் பல்லால் உடைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்:

“அன்னிக்கு ஹார்ட்விக் பாடக் கூடாதுன்னான். பாடினோம். தண்டவாளம் போட்டோம். அந்தத் தட்டை இப்படித் தள்ளு மருமகனே.”

அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டபோதெல்லாம் அவர் வாயில் ஏதாவது இருந்தது. பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் எங்கள் ஊர் மன்றத்தில் கறுப்பு மக்களின் பெரிய மனிதர்கள், பெரிய நாட்கள் என்று ஒரு சுவர் முழுக்க எழுதி வைக்க முடிவு செய்தார்கள். “தண்டவாளம் போட்ட நம்ம ஆளுங்களைப் பத்தி அஞ்சு வரி எழுதிக் குடுங்க” என்று என்னிடம் கேட்டார்கள். மூன்று வரி எழுதினேன். நான்காவது வரியில் சித்தப்பா வந்து உட்கார்ந்துகொண்டார், நகர மாட்டேன் என்கிறார்.

2

1968 மே மாதத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் காட்டில், நாட்டின் வடகோடிக் கடலைச் சேர்ந்த டாரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள், அதாவது டல்சியின் ஆட்கள், ஒரே நாளில் ஏழு கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு உலக சாதனை படைத்தது நடந்த விஷயம். அது சுவரில் இருக்கும். இந்தக் கதையின் பாதையும் நாளும் வேறு. சித்தப்பாவைத் தவிர, ஆட்கள் பெரும்பாலும் என் கற்பனை. மேஸ்திரிக்கு ஹார்ட்விக் என்ற பெயரையும் மாற்றித்தான் வைத்திருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: ‘கிழக்கே சூரியன் ரத்தச் சிவப்பாக...’

(வேண்டாம். அந்த ஊரில் மண்ணே அந்த நிறம்தான். சூரியனுக்கு அங்கே புதிதாக ஒரு வேலையும் இல்லை.)

தொடக்கம் இரண்டு: ‘ஏனோசா ஒரு மாவீரன்...’

இதைப் படித்துவிட்டு டல்சி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “சித்தப்பாவா? ஊசி போடணும்னா சித்தி மடியில படுக்கிற ஆளு!”

ஆகவே தொடக்கம் மூன்று.

3

ஏனோசாவுக்கு அப்போது முப்பத்திநான்கு வயது. எரூப் தீவில் பிறந்தவன். முத்துச்சிப்பிப் படகில் பதின்மூன்று ஆண்டு மூழ்கி எழுந்தபின், ரயில் வேலைக்குப் பெருநிலத்துக்கு வந்தவன். கடலே கண்ணுக்குத் தெரியாத அந்த வனாந்தரத்தில் அறுபத்திரண்டு தீவுக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். சிலிப்பர் கட்டைகள் முன்னாலேயே வரிசையாகக் கிடக்கும். இருபது பேர் பெரிய இடுக்கிகளால் ஒரு தண்டவாளத்தைக் கவ்வித் தூக்கிக் கட்டைகள்மேல் வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் சம்மட்டியால் ஆணி அடித்துக்கொண்டே போவார்கள்.

இருபது பேர் ஒரே மூச்சில் தூக்குவதற்குப் பாட்டு வேண்டும். ஒருவன் குரல் எடுப்பான், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பாட்டு எங்கே இறங்குகிறதோ அங்கே இரும்பும் இறங்கும். ஏனோசாதான் குரல் எடுப்பவன். அவன் குரல் இனிமையானது என்று நான் எழுதப் போவதில்லை, நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அரை மைல் தூரம் கேட்கும்.

வேறொரு பாதையில் வேறொரு கூட்டம் ஒரே நாளில் இரண்டே முக்கால் மைல் போட்டதாகச் சேதி வந்தது. அதை முறியடிக்க வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. அதைவிட அதிகமாக நினைத்தது கூடாரம்தான். அகிபா ஒரு வாரமாக எல்லாரையும் உசுப்பேற்றிக்கொண்டிருந்தான். ஏனோசாவின் பக்கத்து இடுக்கி அவனுடையது. வாய் மூடாத ஆள்.

“நாம மூணு மைல் போடுறோம். போட்டுட்டு, டீ குடிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் போடுறோம்.”

“நீ டீ குடிக்கிறதுக்கே மூணு மைல் ஆகும் பாலா”* என்றான் ஏனோசா.

* பாலா என்றால் அங்கே அண்ணன், தம்பி, கூட்டாளி எல்லாம். பாலசுப்பிரமணியன் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

4

குறித்த நாளன்று விடிகாலையில் மேஸ்திரி ஹார்ட்விக் எல்லாரையும் கூட்டி நிறுத்தினான். சலவைச் சட்டை போட்டிருந்தான். அதுவே கெட்ட சகுனமாகப் பட்டது.

“கேளுங்கப்பா. கம்பெனி பெரியவங்க தனி வண்டியில வர்றாங்க. பெர்த்துலேர்ந்து பத்திரிகைக்காரர் ஒருத்தரும் வர்றார். அதனால இன்னிக்குப் பாட்டுக் கூத்து எதுவும் கிடையாது. நான் இங்க சர்ச் பிக்னிக் நடத்துறேன்னு நினைச்சுடுவாங்க.”

ஹார்ட்விக் விரலை ஆட்டினான்.

“பாடினவன் அடுத்த வண்டியில வீட்டுக்குப் போவான்” என்று சொல்லிவிட்டு, காலரைத் தளர்த்திக்கொண்டு போனான்.

அகிபா குனிந்து இடுக்கியை எடுத்தான். “போன வருஷம் நாடே ஓட்டுப் போட்டு, சென்சஸ்ல நம்ம தலையையும் எண்ணலாம்னுச்சு. தலையை எண்ணியாச்சு. வாயை எப்போ எண்ணுவாங்களோ.”

(இந்த இடத்தில் ஏனோசா என்ன நினைத்தான் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம். கோபப்பட்டிருப்பானா? எழுதி எழுதி அடித்தேன். டல்சியிடம் கேட்டேன். “சித்தப்பாவுக்குக் கோபம் வந்தா வாயே திறக்க மாட்டார். அவரோட கோபம்னா அவருக்கே பயம்” என்றாள். அதையே வைத்துக்கொள்கிறேன்.)

ஏனோசா வாயைத் திறக்கவில்லை. அறுபத்திரண்டு பேரும் திறக்கவில்லை. இரும்பு மட்டும் பேசியது, அதுவும் தாறுமாறாக. முன்னால் நிற்பவன் தூக்கும்போது பின்னால் நிற்பவன் மூச்சு வாங்கினான். ஒரு தண்டவாளம் சரிந்து அகிபாவின் பூட்ஸ் முனையை நசுக்கியது. விரல் நூலிழையில் தப்பியது. வழக்கமாக ஊரையே கூட்டும் அகிபா, ‘ஆ’ என்றுகூடச் சொல்லாமல் ஒற்றைக் காலில் குதித்தான். அதைப் பார்த்தபோதுதான் ஏனோசாவுக்குக் கணக்குப் புரிந்தது. பாடினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பாடாவிட்டால் சாதனை போகும், சாதனையோடு யாருடைய காலாவது போகும்.

பத்து மணிக்கு அரை மைல்கூட முடியவில்லை. பெரியவர்கள் தனி வண்டியில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டார்கள். பத்திரிகைக்காரர் கொட்டாவி விட்டார். சிவந்த கழுத்தும் தொந்தியுமாக இருந்த அவர் பெயர் போவன். ஹார்ட்விக்கின் சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

5

ஏனோசா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரியிடம் நடந்தான். பாதி வழியில் ஒருமுறை திரும்பிவிடப் பார்த்தான். (மாவீரன் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.)

“பாஸ், ஒரு சந்தேகம்.”

“இப்பவா?”

“மஸ்டர் எடுக்கலாமா?”

“என்னது?”

“பேர் கூப்பிடுறது பாஸ். காலையில நீங்க எடுக்க மறந்துட்டீங்க. யார் வந்தான், யார் வரலைன்னு தெரியாம பெரியவங்க முன்னாடி நிக்கிறோம். நல்லாவா இருக்கு?”

ஹார்ட்விக் அவனை உற்றுப் பார்த்தான். “வேலையை நிறுத்திட்டா?”

“சேச்சே. வேலை பாட்டுக்கு வேலை நடக்கும். நான் கூப்பிடுறேன், அவங்க ஆஜர் சொல்லட்டும். கொஞ்சம் சத்தமா.”

“பாட்டு இல்லையே?”

“மஸ்டர் பாஸ். மஸ்டர்ல எங்க பாட்டு வந்துச்சு?”

ஹார்ட்விக் தனி வண்டியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கிடக்கிற கட்டைகளைப் பார்த்தான். “கொஞ்சம் சத்தமா... சரி” என்றான்.

ஏனோசா திரும்பி வந்து இடுக்கியைப் பிடித்தான். மூச்சை நிறைத்துக்கொண்டு, எரூப் தீவில் துடுப்பு வலிக்கும் மெட்டில், முதல் பெயரை இழுத்தான்.

“அகிபா நோவா... ஆ... ஆ...”

“ஆஜர்!” என்றன அறுபத்தொரு தொண்டைகள். தண்டவாளம் பூப்போல எழுந்தது.

“கால் இருக்கா, இல்லையா... ஆ...”

“ஆஜர்!” இரும்பு கட்டையில் போய் உட்கார்ந்தது. சம்மட்டிகள் தாளம் பிடித்தன.

ஒரு தண்டவாளத்துக்கு ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வால். குறட்டை விடுகிறவன், மாமியாருக்குப் பயந்து மூவாயிரம் மைல் ஓடிவந்தவன், சோற்றை அடிப்பிடிக்க வைக்கிறவன். பெயருக்கு உரியவன் வெட்கப்படுவதற்குள் அடுத்த தண்டவாளம் எழுந்துவிடும். ஆட்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். தண்ணீர் ஊற்றுகிறவன்கூட வாளியோடு ஆடிக்கொண்டே வந்தான்.

கேக் தட்டுகள் நின்றன. போவன் வண்டியிலிருந்து குதித்து, தொப்பி பறக்க, நோட்டுப் புத்தகத்தோடு வரிசைக்குப் பக்கத்தில் ஓடிவந்தார்.

“அந்தக் கடைசிப் பேர் என்ன? எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க!”

“மறுபடி வரும் சார், காத்துட்டு இருங்க!” என்று கத்தினான் அகிபா. “இன்னிக்கு ஒவ்வொருத்தனும் பத்துத் தடவை வருவான்!”

(இங்கே ஹார்ட்விக் மனம் மாறி, தானும் ஒரு சம்மட்டியைத் தூக்கி... இல்லை. டல்சி பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிட்டாள். “அவன் தூக்கியிருக்க மாட்டான். காலால தாளம் போட்டிருப்பான், யாருக்கும் தெரியாம.” சரி. ஹார்ட்விக் காலால் தாளம் போட்டான், யாருக்கும் தெரியாமல்.)

6

பிற்பகல் மூன்று மணிக்குப் பெயர்கள் ஆறாவது சுற்றில் இருந்தன. அப்போது ஏனோசா பட்டியலில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிட்டான்.

“சைலஸ் தமு... ஆ... ஆ...”

சைலஸ் அவனுடைய அண்ணன். முத்துச்சிப்பிப் படகில் போய், திரும்பி வராதவன். இந்தச் செம்மண்ணை அவன் பார்த்ததே இல்லை. வரிசையில் ஒரு சம்மட்டி தாளம் தப்பியது. பாதிப் பேருக்கு அவனைத் தெரியும்.

“ஆஜர்!” என்றார்கள். அன்றைக்கு எழுந்த குரல்களிலேயே பெரிய குரல் அதுதான். தண்டவாளம் எடையே இல்லாததுபோல் எழுந்தது.

இதை நான் சொந்தமாகச் சேர்த்தேன். சித்தப்பா சொல்லவில்லை. சைலஸ், டல்சியின் அப்பா. அவர் போனபோது அவளுக்கு இரண்டு வயது. தாளை அவளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், தேவையில்லாமல் வெங்காயம் நறுக்கினேன்.

அவள் வந்து வாசலில் நின்றாள். “அப்பா பேரை எதுக்குப் போட்ட?”

“வேணாம்னா எடுத்துடறேன்.”

“எடுத்துப் பாரு, கையை ஒடிக்கிறேன்.” மூக்கை உறிஞ்சினாள். “வால் எங்க? எல்லாருக்கும் வால் இருக்கு, எங்கப்பாவுக்கு மட்டும் இல்லையா?”

“என்ன போடட்டும்?”

“அழகன்னு போடு. அம்மா அப்படித்தான் சொல்லுவா.”

“சைலஸ் தமு, அழகன் தமு... ஆ...”

“ஆஜர்!”

7

பொழுது சாய்வதற்குள் மூன்று மைலுக்கு மேல் முடிந்தது. சங்கிலி பிடித்து இரண்டு தடவை அளந்தார்கள். சரியாகச் சொன்னால் மூன்றேகால். அகிபா தரையில் மல்லாந்து படுத்து, “டீ எங்கடா?” என்றான். ஏனோசாவுக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. சைகையால் சிரித்தான். பெரியவர்கள் வந்து ஹார்ட்விக்கின் கையைக் குலுக்கினார்கள். போவன் மட்டும் வரிசையாக அறுபத்திரண்டு கைகளையும் குலுக்கினார். “எல்லாப் பேரும் பத்திரிகையில வரும்” என்று நோட்டைத் தட்டிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை சாமான் வண்டியில் பத்திரிகைக் கட்டு வந்தது.

முடிவு ஒன்று: எல்லாப் பெயர்களும் இருந்தன. பதினொன்றில் எழுத்துப் பிழை. விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முடிவு இரண்டு: ‘உற்சாகமான தீவுக்காரர்கள் சிலர்’ என்று ஒரு வரி. பக்கத்தில் ஹார்ட்விக்கின் படம்.

டல்சி இரண்டையும் படித்தாள். “முதலாவது பொய் மாதிரி இருக்கு. ரெண்டாவது அழுமூஞ்சி. எந்தப் பத்திரிகை என்ன போட்டா என்ன, அன்னிக்கு அவங்க சந்தோஷமா இருந்தாங்களா இல்லையா?”

“முடிவு வேணுமே.”

“சித்தப்பா கையில பேப்பரைக் குடுத்துட்டு நீ வெளிய வா.”

வெளியே வந்துவிட்டேன். நான் கடைசியாகப் பார்த்தபோது ஏனோசா ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் கயிறு அவிழ்க்காத கட்டு. சுற்றிலும் அறுபத்தொரு பேர், கையில் டீக் குவளையோடு. “பிரி பாலா, பிரி!” என்று அகிபா கத்துகிறான். ஏனோசாவுக்கு இன்னும் குரல் திரும்பவில்லை. ஆகவே அவன் நிமிர்ந்து, கூட்டத்தைத் தாண்டி, பத்திரிகைக் கட்டை உங்கள் பக்கம் நீட்டுகிறான்.

வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கம். உரக்கப் படியுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும். பெயர் இருந்தால் பெயரைப் படியுங்கள். இல்லாவிட்டால் நிறுத்தாதீர்கள், நீங்களே கூப்பிடுங்கள். பதில் சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.