குவைத்து அம்மா

நிலாவெளி ஹோட்டலின் உடுப்பு மாற்றும் அறையில், நீளப் பொய்முடியைத் தலையில் மாட்டிக்கொண்டு றிக்சன் போனை எடுத்தான். சனி ஞாயிறுகளில் கொழும்புக்காரருக்கும் வெள்ளைக்காரருக்கும் அவன் பெண்வேஷம் கட்டி ஆடுவான். ஞாயிறுகளில் அதற்கு முன்னால் இன்னொரு வேஷம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவன் குவைத்தில் இருக்கும் அருள்மலர்.

அருள்மலர் அவனுடைய அக்கா. வீட்டுவேலைக்கென்று குவைத்துக்குப் போனவள், அங்கேயே செத்து அங்கேயே புதைபட்டாள். செய்தி றிக்சனின் போனுக்குத்தான் வந்தது. அன்றைக்கு அவளுடைய மகள் மெலிஷா காய்ச்சலில் கிடந்து அம்மா அம்மா என்று அனத்திக்கொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளையிடம் எந்த மடையன் சாவைச் சொல்லுவான்? அவனுக்கு அக்காவின் முகம் அச்சொட்டு. முடியை மாட்டினான், குரலை மெலித்தான், வீடியோவில் கதைத்தான். காய்ச்சல் விட்டது, பொய் பிடித்துக்கொண்டது. இப்போது அவளுக்குப் பத்து வயது.

"அம்மா, ஒண்டு கேட்டா ஏச மாட்டீங்களோ?" பக்கத்து வீட்டுப் பஸ்மியாவின் போனில் மெலிஷா.

"கேள் மகள்."

"என்னைச் சிஸ்டர்மாரின்ர விடுதியில சேர்த்து விடுங்கோ. மாமாவோட இருக்க ஏலாது."

அவளை வீட்டில் வைத்து வளர்க்கும் அந்த மாமா றிக்சன்தான். அம்மாவின் குரலிலேயே கேட்டான்: "ஏன், அடிக்கிறவரோ?"

"இல்ல. அவர் பொம்பிளை உடுப்புப் போட்டு ஆடுற வீடியோ வகுப்பில எல்லாரிட்டயும் இருக்கு. நான் பாக்கேல்ல, பாக்கவும் மாட்டன். அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தா எல்லாரும் இடுப்பை ஆட்டிக் காட்டுறாங்கள். எனக்குச் செத்திடலாம் போல கிடக்கு."

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஆட்டத்தை விட்டாலும் அந்த வீடியோ அழியப்போவதில்லை. ஆனால் பிள்ளையின் வாயை மூடலாம். அம்மா சொல் அவளுக்கு வேதவாக்கு. 'மாமாதான் உனக்குத் தாயும் தகப்பனும், பேசாமல் இரு' என்றால் போதும், அவனோடேயே இருந்துவிடுவாள். அவள் இல்லாத வீட்டில் அவனுக்கு என்ன கிடக்கிறது? சொல் நாக்குநுனிவரை வந்துவிட்டது. அழுதழுது வீங்கிய கண்களைப் பார்த்தான். இதைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்லுகிறவள் தாயாக இருக்க முடியாது.

"சரி மகள். நான் மாமாவோட கதைக்கிறன். வாற மாசம் விடுதிக்குப் போகலாம்."

"அவர் விடுவாரோ?"

"விடுவார்."

"அழுவாரோ, அம்மா?"

"அவர் ஆம்பிளை தானே," என்றான் றிக்சன். "அழமாட்டார்."

மெலிஷாவின் முகம் மலர்ந்தது. "அம்மா எண்டா அம்மாதான்!" என்று போனுக்கு ஒரு முத்தம் வைத்தாள். ஆறு வருஷமாகத் தலை பின்னிச் சோறு தீத்திய மாமனுக்கு அவள் அப்படி ஒரு முத்தம் தந்ததேயில்லை.