தெருவிலிருந்த பெண்கள் அத்தனை பேரும்

நர்ஸ் ஜெஸி கேட்ட முதல் கேள்வியே தப்பாகிப் போயிற்று. புதன்கிழமை, தடுப்பூசிக்கு வந்தவர்களால் துணை சுகாதார நிலையம் நிறைந்திருந்தது. பதினாறு வயது தங்கமணி கதவோரம் வந்து நின்றாள். பதிவேட்டிலிருந்து தலை தூக்காமலே ஜெஸி, "எத்தினி மாசம்மா?" என்று கேட்டுவிட்டாள். நாள் முழுக்க வாயில் வருகிற கேள்வி. கல்யாணமாகாத பெண் அங்கே வருவாள் என்று அந்தப் பதிவேடே எதிர்பார்க்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. யாரோ சிரித்தார்கள். ஜெஸி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்த அதே நொடி தங்கமணி திரும்பிப் போய்விட்டாள்.

பத்து நாளாக அந்த முகம் ஜெஸியை விடவில்லை. உதடு வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். வீட்டுக்குத் தேடிப் போகலாம். ஆனால், நர்ஸம்மா எதற்கு வந்தாள் என்று தெரு பேசும். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். போகாமலும் மனசு கேட்கவில்லை.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. கச்சிராயபாளையம் ரோட்டின் குறுக்கே புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. ஆண்கள் ரோட்டில் இருந்தார்கள். ஜெஸி மாத்திரைப் பையை மாட்டிக்கொண்டு தங்கமணியின் தெருவில் முதல் வீட்டில் நுழைந்தாள்.

"வயசுப் பொண்ணுங்களுக்கு ரத்தம் இருக்குதான்னு பார்க்கிறேங்க. எல்லா வூட்லயும்தான்."

"புது ரூலா?" என்றாள் அந்த வீட்டு ரங்கம்மாள்.

"ஆமாங்க." அப்படி ஒரு ரூலும் இல்லை. பொய் சொன்ன உறுத்தலும் ஜெஸிக்கு இல்லை.

"அப்ப எனுக்கும் பாரு. எம் மாமியா உறிஞ்சினது போவ மிச்சம் எவ்ளோ கீதுன்னு தெரியட்டும்."

ஜெஸி சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பெண்ணின் கீழிமையையும் இழுத்துப் பார்த்தாள். தாய் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து ஒருத்தி அரிப்பைப் பற்றிக் கிசுகிசுத்தாள்.

எட்டாவது வீட்டு வாசலை மறித்து நின்றாள் தங்கமணியின் தாய் பச்சையம்மாள். "எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல."

"எல்லாருக்கும் பார்த்துட்டு இந்த வூட்டை மட்டும் வுட்டாத்தான் ஏன்னு கேப்பாங்க."

பச்சையம்மாள் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகு விலகினாள்.

தங்கமணியின் இமைக்குள் சிவப்பே இல்லை. "அன்னிக்கு மூஞ்சைக்கூட பார்க்காம கேட்டுட்டேன். தப்பு என்மேலதாம்மா," என்றாள் ஜெஸி.

தங்கமணி வாசல் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "நிக்கவே மாட்டேங்குதுக்கா. இருவது நாளாவுது. செத்துடுவேனா?"

ஜெஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாட்டே. இதுக்கு வைத்தியம் இருக்குது. ஆனா இன்னிக்கே டாக்டர் பார்க்கணும்."

"மாப்ள வூட்ல தெரிஞ்சா?" என்றாள் பச்சையம்மாள்.

"நான் போறேம்மா," என்றாள் தங்கமணி.

பச்சையம்மாள் மகளைப் பார்த்தாள். எழுந்து போய் மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டினாள். ரோடு இல்லாவிட்டால் என்ன, கரும்புத் தோட்டத்து வண்டிப்பாதை இருந்தது.

வண்டி தெருவைத் தாண்டும்போது ரங்கம்மாள் எதிரே வந்தாள். "எங்க, மூணு பேரும்?"

ஜெஸி ஏதோ ஒரு பொய்யைத் தேடினாள். அதற்குள் பச்சையம்மாள் சொல்லிவிட்டாள்: "டாக்டராண்ட. பொண்ணுக்குத் தூரம் நிக்கல."

ரங்கம்மாள் சக்கரத்தில் கை வைத்து வண்டியை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தி, "இருங்க. எங்க பொண்ணும் மாசாமாசம் சுருண்டு சுருண்டு படுக்குறா. இட்டாறேன்," என்றாள்.

தங்கமணி மெல்ல நகர்ந்து, வைக்கோலைத் தட்டி இடம் விட்டாள்.